முன் ஆக்ஸிலை நிரந்தரமாகப் பூட்டிவிடலாமா?

தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை தம்பி இது. இன்னொரு கிளாஸ் சொல்லிவிட்டு உட்கார்.

காப்பார் பக்கம் பழைய மிட்சுபிஷி ஸ்டோர்மிலோ பஜேரோவிலோ செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வருகிறவர்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான். லீவரை ஃபோர் எச்சுக்குத் தள்ளினால், மீட்டரில் முன் சக்கர விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்கும்; நிலைத்து எரியாது. சேற்றில் பின் சக்கரம் மட்டும் சுற்றிக் குழி பறிக்கும். உடனே பக்கத்தில் இருப்பவர், "அந்த வாக்குவம் குழாயை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரேயடியாகப் பூட்டிவிடு" என்பார். பூட்டலாமா என்று நீ கேட்கிறாய். பூட்டலாம். ஆனால் என் யோசனை வேறு. அதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

போர்க்கால ஜீப்பில் முன் சக்கரங்களை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்க வழியே கிடையாது. தார்ச்சாலையில் ஓடும்போதும் முன் டிஃபரன்ஷியலும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டும் வீணாகச் சுற்றும். 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் சக்கரத்தையே ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவிடும் ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். நல்ல சாதனம்தான், ஆனால் மழையில் இறங்கி, சேற்றில் குந்தி, இரண்டு பக்கமும் கையால் திருக வேண்டும். அந்தச் சிரமத்தைப் போக்கத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே இணைக்கிற ஏற்பாடு வந்தது. 1991-ல் வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோவின் சூப்பர் செலக்டும், ஸ்டோர்மின் ஈஸி செலக்டும் அந்த வகை.

இதில் ஹப் கிடையாது. முன் டிஃபரன்ஷியலிலிருந்து ஒரு பக்கம் போகிற ஷாஃப்ட் மட்டும் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் பல் வைத்த ஒரு ஸ்லீவ். ஸ்லீவ் நகர்ந்து இரண்டு துண்டையும் கவ்வினால் ஃபோர் வீல். விலகினால் டூ வீல். ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் போதுமா என்று கேட்பாய். போதும். டிஃபரன்ஷியல் ஒரு தராசு மாதிரி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். ஒரு தட்டில் எடை இல்லை என்றால் இன்னொரு தட்டிலும் நிற்காது. ஒரு ஷாஃப்ட் கழன்றிருந்தால், இஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அடுத்த பக்கச் சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. விளக்கு மின்னும்போது உன் வண்டி அரைகுறை ஃபோர் வீலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சேற்றில் இறங்காதே. அது முழு டூ வீல்.

அந்த ஸ்லீவை நகர்த்துவது வாக்குவம். 4டி56 டீசல் இஞ்சினில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு சிறிய பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றை உறிஞ்சுவது அதுதான். பானட்டுக்குள் இருக்கும் சொலனாய்டு வால்வுகள் அந்த உறிஞ்சலை இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்களில் மாற்றி மாற்றி அனுப்பும். கீழே ஆக்ஸிலோடு இருக்கும் ஆக்சுவேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு குழாய் இழுத்தால் ஸ்லீவ் கவ்வும், மற்றது இழுத்தால் விலகும். இருபது வருடத்து இஞ்சின் சூட்டில் ரப்பர் என்ன ஆகும்? குழாயை இரண்டு விரலால் மடக்கிப் பார். நல்ல குழாய் வளையும். செத்த குழாய் சுடச்சுடப் பொரித்த அப்பளம் போல நொறுங்கும். அதுவும் நம் பக்கத்துத் தோட்டங்கள் கடலோரக் களிமண், உப்புக் காற்று. பாரிட் ஓரமாக ஒருமுறை இறங்கி ஏறினாலே ஆக்சுவேட்டர் முழுக்கச் சேறு அப்பியிருக்கும்.

அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் விரலை வைத்துப் பார். வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வை. ஆக்சுவேட்டரில் இருந்து இரண்டு குழாயையும் கழற்று. இஞ்சின் ஓடட்டும். உள்ளே ஒருவர் டூ எச், ஃபோர் எச் என்று மாற்றட்டும். உறிஞ்சல் ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் குழாய் அல்லது பம்ப். ஒன்றில் மட்டும் விடாமல் இருந்தால் சொலனாய்டு அல்லது அதன் வயர். இரண்டும் சரியாகத் தாவியும் ஸ்லீவ் நகரவில்லையென்றால் சவ்வு கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்லீவைப் பிடித்து நகர்த்தும் ஃபோர்க் துருப்பிடித்து இறுகியிருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான் என்பதை மறக்காதே. பிரேக் மிதி கனமாகிவிட்டது என்றால் ஃபோர் வீலை விடு, முதலில் அந்தக் கசிவைத் தேடு. பல வண்டிகளில் இந்தச் சோதனை இரண்டு மீட்டர் குழாய் மாற்றுவதோடு முடிந்துவிடும்.

சரி, ஆக்சுவேட்டரே போய்விட்டது, மாற்று வாங்கவும் மனமில்லை. அப்போது என்ன?

ஸ்லீவைக் கவ்விய நிலையில் நிறுத்திக் கிளிப் போட்டுவிடுவது எளிது, செலவும் இல்லை. லீவர் டூ எச்சில் இருக்கும்வரை டிரான்ஸ்ஃபர் கேஸ் விசையை முன்னால் அனுப்பாது. அதனால் வளைவில் வண்டி இறுகாது. ஆனால் முன் டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் எப்போதும் சுற்றும். யூனிவர்சல் ஜாயிண்ட் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதிர்வு ஸ்டீயரிங் வரை வரும். அமெரிக்க ஜீப்பில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 1991 வரை வந்த செரோக்கியிலும், 1995 வரை வந்த ஒய்ஜே ராங்லரிலும் இதே வாக்குவம் ஏற்பாடு. பழுதானவர்கள் இரண்டு துண்டு ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு ஒரே நீளத் துண்டைப் போட்டார்கள். பிந்தைய ஜீப்புகளில் கம்பெனியே அப்படிச் செய்தது. தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு இது போதும்.

உன் வண்டி அப்படியா? மேருவுக்கும் கிள்ளானுக்கும் தார்ச்சாலையில் தினமும் ஓடுகிற வண்டி. அதற்குக் கேபிள்தான் சரி என்பேன். ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கைத் தள்ளவும் இழுக்கவும் கூடிய கேபிளை டேஷ்போர்டு வரை கொண்டுவருவது. சாதாரணப் பிரேக் கேபிள் இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. உள்ளே தடித்த ஒற்றைக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்கு. ஸ்டோர்மில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்பதால் கேபிள் ஆடாது, வேலை சுலபம். ஜீப் மாதிரி ஆக்ஸில் ஏறி இறங்கினால் தளர்ச்சி விட வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கட்டு. ஃபோர்க் தண்டு வெளிவரும் ஓட்டைக்குச் சீல் போடாமல் விட்டால், எண்ணெய் வெளியே போகும், பாரிட் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மழைக்காலத்தில் பேரிங் முடிந்தது. விளக்கின் சுவிட்சை மட்டும் அப்படியே விட்டுவை. ஸ்லீவ் உண்மையில் கவ்வியதா என்று சொல்ல வேறு ஆள் கிடையாது.

கேபிளில் கூடுதலாக ஒரு நன்மை. ஸ்லீவை விலக்கியே வைத்துவிட்டு லீவரை ஃபோர் எல்லில் போட்டால், பின் சக்கரத்துக்கு மட்டும் லோ கியர் கிடைக்கும். குலை ஏற்றிக்கொண்டு கெட்டியான மேட்டில் குறுகலாகத் திரும்பும்போது ஸ்டீயரிங் இறுகாது. எண்ணெயை மட்டும் மெதுவாக மிதி. முழு விசையும் ஒரே ஆக்ஸிலில் விழுகிறது.

பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பு 100 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டத்திலேயே ஃபோர் எச் போடலாம். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்ட்டைச் சுற்ற வைக்கும், வேகம் ஒத்த பிறகுதான் ஸ்லீவ் நகரும். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ள இனி யாரும் இல்லை. ஓடும்போது கேபிளைத் தள்ளினால் நிற்கிற பல்லில் சுற்றுகிற பல் மோதும். வண்டியை நிறுத்து, லீவரைப் போடு, கேபிளைத் தள்ளு, ஒரு அடி முன்னால் உருட்டு. கவ்வும் சத்தம் கேட்கும், விளக்கு நிலைக்கும். இதைத் தோட்டத்து வாசலிலேயே, தார் முடிகிற இடத்தில் செய்துவிடு. சேற்றுக்கு நடுவில் போய்ச் செய்யாதே.