402-ல் 178 போனால்?

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு ஐந்து வகுப்புகளும் உண்டு. பாடம் பற்றி மனம்விட்டுப் பேசத்தான் ஆள் கிடையாது. தலைமையாசிரியரைப் பதிவேடுகளும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளமும் விடுவதில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் என்றைக்கோ ஒருநாள் வரும். இந்தத் தனிமையைப் போக்கியிருக்க வேண்டியவை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்கள். பலவற்றில் இன்று ஓடுவதோ சுற்றறிக்கை, படிவம், 'மாலைக்குள் அனுப்பவும்', மேலே ஒரு காலை வணக்கப் படம்.

இணையத்தில் ஆசிரியர்கள் உருப்படியாகப் பேசிக்கொண்டதற்கு முன்மாதிரி உண்டு. 2009-ல் டாம் விட்பி, ஷெல்லி டெரல், ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற மூன்று கல்வியாளர்கள் ட்விட்டரில் 'எட்சாட்' உரையாடலைத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை, ஒரு மணி நேரம், ஒரே தலைப்பு. அப்போது ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான் இடம். அதற்குள் எழுதியே முகம் தெரியாத ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். நேரமும் தலைப்பும் முன்கூட்டியே முடிவானதுதான் அதன் பலம் என்பேன்.

நம் வகுப்பறைக்கே வருவோம். 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டதால், இலக்கத்துக்கு இலக்கம் அப்படியே செய்கிறார்கள்: எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் பூஜ்யம் போக ஏழு. நடுவில் பூஜ்யம் இருந்தால் கடன் வாங்குவது இன்னும் குழப்பம். பெயரை மறைத்து அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, 'இதை எப்படிச் சரிசெய்கிறீர்கள்?' என்று குரூப்பில் கேளுங்கள். நூறு ரூபாய்த் தாளைப் பத்து பத்து ரூபாயாக மாற்றி, அதில் ஒன்றை ஒரு ரூபாய் நாணயங்களாக்கிக் காட்டினால் புரியும் என்று ஒருவர் சொல்வார். குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டுவதாக இன்னொருவர் சொல்வார். எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட, நாளைக் காலை வகுப்புக்கு இந்தப் பதில்கள் உதவும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தடுமாறும் பிள்ளையின் முகத்தையோ வாசிக்கத் திணறும் வீடியோவையோ போடாதீர்கள். போனபின் அதைத் திரும்பப் பெற முடியாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கைக்குத் தனி குரூப் வைத்துவிடுங்கள். பாடத்துக்கென்று சிறிய குரூப் ஒன்று தொடங்கி, வாரத்தில் ஒரு மாலையை ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள். முதல் கேள்வியை, புதிதாகப் பணியில் சேர்ந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள்.