நடுக்கடலின் மேலே எத்தனை மைல் இடைவெளி?

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் மூடுபனி இறங்கும் இரவுகளில் லாரி ஓட்டுநர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பண்ணைப்புரம், கம்பம் பக்கத்து வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பகலில் முன்வண்டியை ஒட்டிச் செல்பவரும் பனியில் நன்றாக இடம் விட்டே ஓட்டுவார். வண்டி மாறவில்லை, பிரேக்கும் மாறவில்லை. முன்னே இருப்பதைப் பற்றி அவருக்குத் தெரிந்த செய்திதான் குறைந்துவிட்டது. அந்தக் குறையை அவர் தூரத்தால் ஈடுகட்டுகிறார்.

கடலின் மேலே பறக்கும் விமானங்களுக்கும் இதே விதிதான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ போர்ட் பிளேருக்கோ செல்லும் விமானம் கரையைக் கடந்த சிறிது நேரத்தில் ரேடாரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஏன் மறைகிறது? எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள்? அந்த அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? வரிசையாகப் பார்ப்போம்.

பூமியின் வளைவு போடும் திரை

கொடைக்கானல் பண்பலை வானொலி தொலைவான ஊர்களிலும் கேட்பதற்குக் காரணம், அதன் கோபுரம் மலை உச்சியில் நிற்பதே. இவ்வகை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பண்பலையின் அடுத்த வீட்டுக்காரர்கள். ரேடார் அலைகளும் நேர்கோட்டில் செல்பவையே.

விமானத்தின் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். 35,000 அடி, அதாவது சுமார் 10,670 மீட்டர் உயரத்திற்கு விடை ஏறத்தாழ 370 கி.மீ. காற்று மண்டலம் அலைகளைச் சற்று வளைப்பதால் நடைமுறையில் இது 400 கி.மீ.யைச் சிறிது தாண்டும். ஆனால் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறக்குறைய 1,370 கி.மீ. உள்ளதே! நடுக்கடலில் கரையிலிருந்து விமானம் தெரியாது. அதனுடன் நேரடியாகப் பேசவும் முடியாது.

அங்கே நெடுங்காலம் துணை நின்றது சிற்றலை. அயனி மண்டலத்தில் மோதித் திரும்புவதால் அது வளைவைத் தாண்டிச் செல்லும். சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்கு அதன் இரைச்சலும், குரல் ஏறி இறங்குவதும் நினைவிருக்கும். விமானி தம் இடத்தையும் நேரத்தையும் இந்த இரைச்சலுக்கிடையே சொல்ல வேண்டும். ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவே விமானம் எங்கே என்பது கணக்கு மட்டுமே.

மூன்று திசைகளில் இடைவெளி

முதலாவது மேல்-கீழ் இடைவெளி. விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றழுத்தமானியே. தரைக்கருகில் 1,000 அடி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 36 ஹெக்டாபாஸ்கல் குறையும். 35,000 அடியருகே அதே 1,000 அடிக்குக் குறைவது சுமார் 11 தான். சிறிய கருவிப் பிழையும் அங்கே பெரிய உயரப் பிழையாகும். அதனால் 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி விட்டார்கள். கருவிகள் திருந்திய பின், 2003 நவம்பர் 27 முதல் நம் வான்வெளியில் 29,000 முதல் 41,000 அடி வரை 1,000 அடியே போதும் என்றாயிற்று. கிழக்கே செல்வோருக்கு 35, 37 என ஒற்றைப்படை ஆயிரங்கள். மேற்கே செல்வோருக்கு இரட்டைப்படை.

இரண்டாவது முன்-பின் இடைவெளி. ஒரே உயரத்தில் ஒரே பாதையில் செல்லும் விமானங்களுக்குப் பழைய விதி 10 நிமிடம். மாக் 0.84 வேகத்தில் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. செல்லும், 10 நிமிடம் என்பது 150 கி.மீ. முன்னது மாக் 0.82 இலும் பின்னது 0.84 இலும் சென்றால் என்னவாகும்? வேறுபாடு மணிக்கு 21 கி.மீ. இரண்டு மணி நேரத்தில் 40 கி.மீ.க்கு மேல் இடைவெளி கரைந்துவிடும்! ஆகவேதான் கட்டுப்பாட்டு அலுவலர் உயரத்தோடு மாக் எண்ணையும் குறித்துக் கொடுக்கிறார்.

இன்று தகுந்த கருவியுள்ள விமானங்கள் தம் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தாமே அறிவிக்கின்றன. கட்டளைகள் எழுத்தாகவே விமானியின் திரைக்கு வருகின்றன. எனவே 150 கி.மீ. என்பது 50 கடல் மைலாக, அதாவது 93 கி.மீ. ஆகச் சுருங்கியது. இன்னும் துல்லியமான கருவிகளும் அடிக்கடி வரும் அறிக்கைகளும் இருந்தால் 30 கடல் மைலும் போதும். வானம் பெரிதாகவில்லை, அறிவு கூடியது, இடைவெளி குறைந்தது.

மூன்றாவது பக்கவாட்டு இடைவெளி. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. முன்பு விமானங்கள் பாதையின் இருபுறமும் சற்று விலகியே பறக்கும். இன்று அவை கோட்டின் மேலேயே பறக்கின்றன. எவராவது உயரத்தைத் தவறாகப் பிடித்தால் எதிரே வருபவருடன் மோதும் வாய்ப்பு, இந்தத் துல்லியத்தாலேயே கூடுகிறது! அதனால் கடல்வெளியில் விமானிகள் வேண்டுமென்றே பாதைக்கு வலப்புறம் 2 கடல் மைல் வரை ஒதுங்கிப் பறக்க அனுமதி உண்டு.

தரையில் இருக்கும் துணைவர்

விமானம் புறப்படுமுன் அதன் பாதை, உயரம், எரிபொருள் ஆகியவற்றைத் திட்டமிடுபவர் டிஸ்பாட்சர். 37,000 அடியில் செல்ல அவர் திட்டமிட்டிருப்பார். ஆனால் அந்த உயரத்தில் சற்று முன்னே வேறொரு விமானம் இருந்தால், '33,000 அடியில் செல்க' என்று கட்டளை வரலாம். அடர்ந்த காற்றில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். புயல் மேகத்தைச் சுற்றிச் செல்லவும் வேண்டியிருக்கும். நடுக்கடலில் உள் அழுத்தம் போனால் சுவாசிக்கக்கூடிய 10,000 அடிக்கு இறங்கி, அருகிலுள்ள விமான நிலையம் வரை செல்லவும் எரிபொருள் வேண்டும். அள்ளி நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். மிகுதி எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் அல்லவா? போதுமான அளவைக் கண்டறிவதே அவர் கலை.

விதி மீறினால்

1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேலே இரு விமானங்கள் எதிரெதிரே வந்தன. சவூதி விமானத்திற்கு 14,000 அடி. கஜகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி. பின்னது தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கியது. 349 பேரும் மாண்டனர். அது நிலத்தின் மேல், விமானங்களைக் கட்டுப்பாட்டு அலுவலர் கண்காணித்துக் கொண்டிருந்தபோதே நடந்தது. அதன்பின் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது.

கருவிகள் வளர வளர இடைவெளிகள் மேலும் சுருங்கும். ஆனால் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு கேள்விக்கு விடைதான்: 'அடுத்த செய்தி வரும்வரை அந்த விமானம் எவ்வளவு தவறிப்போக முடியும்?' இதற்கு நேர்மையாக விடை சொல்லக் கற்ற பிறகே மைல்களைக் குறைத்தார்கள். அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய இடம் விடுவதும் அறிவியல்தான்.