ஐந்தாண்டில் முடியும் நான்காண்டுப் படிப்பு

பேராவூரணிப் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பெண்ணை நர்சிங்கில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் பேசுவார்கள். ஒன்று மூன்றாண்டு டிப்ளமோ, மற்றொன்று நான்காண்டு பி.எஸ்சி. டிப்ளமோ முடித்தவருக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுதான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். இரண்டே ஆண்டில் பட்டம் என்பதால் சீக்கிரம் முடியும் படிப்பாக அது தோன்றுகிறது. கூட்டிப் பார்த்தால் மூன்றும் இரண்டும் ஐந்து. நேரடிப் பட்டத்தைவிட ஓராண்டு கூடுதல். ஆகவே இந்தப் படிப்பை எடைபோடும்போது, எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதைவிட அந்த இரண்டாண்டின் பாரத்தை வீட்டில் யார் சுமப்பது என்பதே முதல் கேள்வி.

உண்மையிலேயே சீக்கிரம் முடியும் படிப்பு வேறு நாட்டில் உண்டு. அமெரிக்காவில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டிலேயே நர்சிங் பட்டம் பெற முடியும். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிய முறை அது. நம் நாட்டில் இயற்பியல் பட்டதாரி நர்ஸாக விரும்பினாலும் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே கிடைக்கும் சலுகை, ஏற்கெனவே கற்ற நர்சிங்குக்கு மட்டும்தான். அதனால்தான் விண்ணப்பிப்பவரிடம் பிளஸ் டூ, டிப்ளமோ சான்றிதழ்களோடு, நர்ஸாகவும் மகப்பேறு உதவியாளராகவும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த சான்றையும் கேட்கிறார்கள். எல்லாச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நைட் டூட்டி பார்த்துக்கொண்டே பகலில் படித்துவிடலாமே என்பார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி அதற்கு இடம் தருவதில்லை. தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறும் முன் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். விடுபட்ட வார்டு போஸ்டிங்கைப் பிறகு ஈடுகட்டியே தீர வேண்டும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் தொடங்கி மனநல நர்சிங், நிர்வாகம், ஆராய்ச்சி, புள்ளியியல் வரை இரண்டாண்டில் படிக்க வேண்டும். இதற்கும் மேலாக ஒன்று உண்டு: தூக்கம் கெட்ட கண்ணோடு மருந்தின் அளவைக் கணக்கிடுவது ஆபத்து. மற்ற படிப்பில் களைப்பு மதிப்பெண்ணைக் குறைக்கும். இதில் நோயாளியையும் பாதிக்கும்.

ஆக, படிக்கும் காலத்தில் சம்பளம் நின்றுபோகும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். பேராவூரணி கடைமடைப் பகுதி. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியில்தான் எட்டும். சம்பா நெல்லின் பணம் தை அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வரும். தென்னை வருமானமும் வெட்டுக்கு வெட்டு மாறும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தபோது மாதச் சம்பளத்தின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. வானத்தை நம்பாத அந்த ஒரு வருமானத்தை நிறுத்திவிட்டுத்தான் நர்ஸ் படிக்கப் போகிறார். கட்டணமோ மகசூல் வரும்வரை காத்திருக்காது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் சமாளிக்கலாம் என்று அவருக்கே அறிவுரை சொல்வது, இருக்கும் சுமையின் மேல் இன்னொன்றை வைப்பதுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, சமையல், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்று எவையெல்லாம் அவர் கையைவிட்டு வேறொருவர் கைக்கு மாறும் என்பதைப் பொறுத்தே படிப்பு நிற்கும்.

டிப்ளமோவே போதும், எதற்கு இந்தப் பாடு என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் டிப்ளமோ நர்ஸுகளையும் எடுக்கிறது. 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் இருந்தால் எய்ம்ஸ் நர்சிங் அதிகாரி தேர்வையும் அவர்கள் எழுதலாம். வேலை மட்டுமே குறி என்றால் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் எம்.எஸ்சி. படிக்கவும் அதன்வழியே கல்லூரியில் கற்பிக்கவும் பட்டம் இல்லாமல் முடியாது. அப்படியானால் டிப்ளமோவில் சேர்ந்தவர் தவறு செய்தாரா? இல்லை. அறிவியல் பிரிவு படிக்காதவருக்கும் அதில் இடம் உண்டு. ஓராண்டு முன்னதாகவே சம்பாதிக்கவும் முடிகிறது. இடையில் வேலை பார்த்தவருக்கு அந்த ஐந்தாம் ஆண்டு வீணல்ல.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, பி.எஸ்சி. இடமும் கிடைத்து, நான்காண்டு தாங்கக்கூடிய வீடு என்றால் நேரடிப் பட்டமே சிக்கனம். ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர் ஆசிரியப் பணியையோ மேற்படிப்பையோ விரும்பினால் இரண்டாண்டுப் படிப்புக்குப் போகலாம். அதற்கு முன் வீட்டார் கூடி உட்கார்ந்து, 24 மாதத்துக்குச் சம்பளம் இல்லாத வரவு செலவையும் அடுப்படியை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சு முடிந்த பிறகு விண்ணப்பத்தை நிரப்புவது பெரிய வேலையே அல்ல.