கைத்தொழில் கல்வியும் கற்கும் ஆர்வமும்

தொழிற்பயிற்சி நிலையங்களில் பணியாற்றும் ஆசிரியர்களிடமிருந்து நாம் அடிக்கடி செவியுறும் குறை ஒன்றுண்டு: மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்பதே அது. வருகை குறைகின்றது, வகுப்பில் கவனம் சிதறுகின்றது, ஆண்டு முடியுமுன்பே சிலர் நின்றுவிடுகின்றனர். இக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் ஆர்வம் என்பது மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருளா, அல்லது கற்பிக்கும் முறையிலிருந்து தோன்ற வேண்டிய பயனா எனும் வினாவை நாம் முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கப்பெற்றது. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் வழியே பரவின. எனினும் ‘படிப்பு வராதவர்க்கே தொழில்’ எனும் எண்ணம் நம் சமூகத்தை விட்டு இன்னும் அகலவில்லை. இதனால், பிட்டர் அல்லது வெல்டர் பிரிவில் சேரும் இளைஞன் பெரும்பாலும் ‘நீ தோற்றவன்’ எனும் தீர்ப்பைச் சுமந்துகொண்டே வருகின்றான். அவன் இடையில் நின்றுவிட்டால் சான்றிதழ் இன்றிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்கின்றான். அவனுடைய குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அத்துடன் முறிகின்றது.

இப்னு கல்தூனின் நோக்கு

துனிசில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த அறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கும் கல்விக்கும் பல இயல்களை ஒதுக்கியுள்ளார். தொழில் என்பது சிந்தனையும் செயலும் இணைந்தது என்பது அவர் கொள்கை. ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்திலும் உடலிலும் ஊன்றிவிடும் திறனை ‘மலக்கா’ என அவர் குறிப்பிடுகின்றார். சொல்லக் கேட்டுப் பெறும் திறனைவிட நேரில் கண்டு பெறும் திறனே நிறைவானது என்றும் கருதுகின்றார்.

ஒரு கலையை மும்முறை கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. முதலில் முழுமையின் சுருக்கம்; அடுத்து விரிவு; இறுதியில் ஐயம் எதுவும் எஞ்சாத தெளிவு. கடுமையான அடக்குமுறை மாணவரைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளி, அவர்தம் ஊக்கத்தை அழித்துவிடும் எனவும் அவர் எச்சரித்தார்.

தையற்காரர்கள் தரும் பாடம்

அமெரிக்க மானிடவியலாளர் ஜீன் லேவ், 1970களில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், வாய், கோலா இனத்துத் தையற்காரர்களிடம் தொழில் பயின்ற இளைஞர்களை ஆராய்ந்தார். அங்குப் பயிற்சியின் வரிசை, உற்பத்தியின் வரிசைக்கு நேர்மாறாக இருந்தது. ஆடை உருவாகும்போது துணியை வெட்டுவதே முதற்பணி. பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும் கடைசிப் பணிகள். பயில்பவனோ அக்கடைசிப் பணிகளிலிருந்தே தொடங்கினான். அதன்பின் தையல், வெட்டுதல் இறுதியில்.

இவ்வரிசையில் இரு நன்மைகள் உள்ளன. பொத்தானைத் தவறாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். துணியைத் தவறாக வெட்டினால் துணியே வீணாகும். எனவே தொடக்கத்தில் நேரும் பிழைக்கு விலை குறைவு. அன்றியும், முழு ஆடையின் வடிவம் முதல் நாளிலேயே மாணவன் கண்முன் நிற்கின்றது. தன் கை பட்ட பொருள் ஒருவர் உடுத்தும் உடையாவதை அவன் காண்கின்றான். இப்னு கல்தூன் கூறிய ‘முதலில் முழுமை’ எனும் நெறி, தையற்கடையில் நடைமுறையாகவே நிலவியதெனலாம்.

பணிமனையில் செய்யத்தக்கவை

நம் பிட்டர் பிரிவில் நிகழ்வதை இதனோடு ஒப்பிடுவோம். தொடக்க வாரங்களில் மாணவன் இரும்புப் பட்டையை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டேயிருக்கின்றான். எதற்காக என்பது அவனுக்குத் தெரியாது. கை கொப்பளிக்கின்றது, மனம் சலிக்கின்றது. அவ்வைஸையே முதல் நாளில் கழற்றி, உறுப்புகளைத் தொட்டுக் காட்டி, மீண்டும் பூட்டச் செய்தால் என்ன? இரு பரப்புகள் ஏன் சமதளமாக இருக்க வேண்டும் என்பது அவனுக்கே விளங்கும். அதன்பின் ராவுதல் தண்டனையாகத் தோன்றாது.

கணிதத்தையும் அதன் தேவை எழும் நாளில் கற்பிக்கலாம். 60 பாகைச் சரிவுடைய டவ்டெயில் பொருத்தைச் செய்து அளக்கும்போது முக்கோணவியல் கரும்பலகையிலிருந்து இறங்கி அவன் கைக்கு வந்துவிடும்.

உளவியலாளர்களான எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வகுத்த கோட்பாடு, மனிதனின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சுட்டுகின்றது: தன் விருப்பால் செயற்படுதல், திறன் வளர்வதை உணர்தல், பிறரோடு இணைந்திருத்தல். 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிப்பரை மாணவன் கையில் கொடுத்து, தன் வேலையைத் தானே அளந்து குறிக்கச் செய்தால் இரண்டாவது தேவை நிறைவேறும். ‘உனக்கு வராது’ என்பது மனிதனைப் பற்றிய தீர்ப்பு. ‘இம்மூலையில் இன்னும் சிறிது ராவ வேண்டும்’ என்பது வேலையைப் பற்றிய வழிகாட்டல். முன்னது அவனை வாயிலுக்கு அனுப்பும். பின்னது மீண்டும் அரத்தை எடுக்கச் செய்யும்.

எல்லாப் பொறுப்பையும் ஆசிரியர் தோள்மீது ஏற்றுவது நம் நோக்கமன்று. பழுதடைந்த இயந்திரங்களும் போதாத மூலப்பொருள்களும் அவரால் தீர்க்கக்கூடியவை அல்ல. இரவில் கூலி வேலை செய்துவிட்டு வகுப்பில் உறங்கும் மாணவனும் உண்டு. அவனுக்குத் தேவை கண்டிப்பன்று, விசாரிப்பு. ஆனால் எதை முதலில் காட்டுவது, பிழையை எச்சொல்லால் திருத்துவது என்னும் இரண்டும் ஆசிரியரின் கையிலேயே உள்ளன. தோற்றவனாக நுழைந்த ஓர் இளைஞன், தான் செய்த பொருளைத் தன் தந்தையிடம் காட்ட விரும்பும் நாள் அவற்றால் முந்தி வரும்.