குறட்டை ஏன் வருகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையை மார்கழி மாதத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மொத்தம் 30 பாட்டுகள். அவற்றில் 10 பாட்டுகள் தூங்குகிற பெண்களை எழுப்புவதற்கே சரியாகப் போய்விடுகின்றன. பத்தாம் பாட்டில், எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்காத ஒரு தோழியிடம், கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுப் போய்த் தன் தூக்கத்தையும் உனக்கே தந்துவிட்டானோ என்று கேலியாகக் கேட்கிறாள் ஆண்டாள்.

கும்பகர்ணன் என்றால் தூக்கத்தோடு குறட்டையும் நம் நினைவுக்கு வரும். நாடகத்திலும் சினிமாவிலும் சிரிப்பு மூட்ட வேண்டுமானால் யாரையாவது குறட்டை விட வைத்தால் போதும். வீட்டிலும் தாத்தாவின் குறட்டை ஒரு வேடிக்கைதான். ஆனால் சில குறட்டைகள் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை அல்ல. அவற்றை இனம் கண்டுகொள்ள நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். முதலில், அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்துகொள்ளுங்கள். ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கி, அந்த முனையை வாயில் வைத்து ஊதுங்கள். பீ என்று சத்தம் வரும். நசுக்காமல் ஊதினால்? வெறும் காற்றுத்தான் போகும். குழல் அகலமாக இருக்கும்வரை காற்று ஓசையில்லாமல் போய்விடுகிறது. வழி குறுகினால் அந்த இடத்தில் காற்று வேகம் எடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி என்ற விஞ்ஞானி 1738-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கிய விதி இது. அழுத்தம் குறைந்ததும் இலையின் இரு விளிம்புகளும் நெருங்கி வந்து வழியை அடைக்கின்றன. உடனே பின்னால் சேரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. மூடுவதும் திறப்பதுமாக இலை துடிக்கிறது. நாதசுரத்தின் சீவாளி இசைப்பதும் இதே முறையில்தான்.

உங்கள் தொண்டையிலும் இப்படி ஒரு பீப்பீ இருக்கிறது. நாக்கின் நுனியால் மேல் அண்ணத்தைத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு போலக் கெட்டியாக இருக்கும். பின்னே போகப் போக மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற பகுதிதான் மெல்லண்ணம். அதன் நடுவில் தொங்குவது உள்நாக்கு. கண்ணாடியின் முன் நின்று "ஆ" என்று வாயைத் திறந்தால் இரண்டையும் பார்க்கலாம். இவற்றுக்குப் பின்னே தொண்டை இருக்கிறது. கழுத்தின் கீழே உள்ள மூச்சுக்குழாய் சுருங்கி விடாதபடி குருத்தெலும்பு வளையங்கள் காக்கின்றன. தொண்டைக்கு அப்படி வளையங்கள் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகளே.

விழித்திருக்கும்போது இத்தசைகள் விறைப்பாக இருப்பதால் நாம் குறட்டை விடுவதில்லை. தூங்கியதும் அவை கயிறு தளர்ந்த கூடாரம் போலத் தொய்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் தன் எடையால் பின்னோக்கிச் சரிந்து வழியை மேலும் குறுக்குகிறது. உள்ளே போகும் காற்று வேகமெடுத்து மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் படபடக்கச் செய்கிறது. அதுவே குறட்டை.

மூக்கடைப்பு இருந்தால் குறட்டை அதிகமாவது ஏன்? கடையில் கொடுக்கும் காகித உறிஞ்சு குழலை எண்ணிப் பாருங்கள். நனைந்து தளர்ந்த குழலில் பலமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? மூக்கு அடைத்திருந்தால் நுரையீரல் அதே போலப் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தளர்ந்த தொண்டையின் சுவர்கள் உள்வாங்குகின்றன. உடல் பருத்தவர்களுக்குக் கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு வெளியிலிருந்து அழுத்துகிறது. மது, தசைகளை மேலும் தளர்த்திவிடுகிறது. புகைபிடித்தால் தொண்டையின் உட்சுவர் வீங்குகிறது. வயது ஏற ஏறத் தசைகளின் பிடிப்பும் குறைகிறது.

இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரின் பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கும் ஒருமுறை போய் வருவோம். அந்த ஊர்ப் பெயர் தாங்கிய வெள்ளை வேட்டை நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. அதன் முகத்தைப் பார்த்தால் மூக்கு நீண்டிருக்கும். பக் என்ற வெளிநாட்டு நாய்க்கோ முகமே தட்டை. அழகு என்று கருதி, பல தலைமுறைகளாகக் குட்டை மூக்கு நாய்களாகவே பார்த்து இணை சேர்த்ததன் விளைவு இது. எலும்பு சுருங்கியதே தவிர, உள்ளே இருக்கும் மெல்லண்ணம் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. சின்ன அறையில் பெரிய திரைச்சீலையை மாட்டியது போல அது மூச்சு வழியில் தொங்குகிறது. எனவே பக் நாய் படுத்தால் குறட்டைதான். அதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். நாய் மூச்சுக்குத் திணறுகிறது என்பதே உண்மை. தட்டை முகமுள்ள மற்றோர் இனமான இங்கிலீஷ் புல்டாக், மனிதனுக்கு வரும் தூக்க மூச்சுக் கோளாற்றை ஆராய்வதற்கு ஏற்ற பிராணி என்று 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

அது என்ன கோளாறு? குறட்டை விடுபவர் அருகில் சிறிது நேரம் உட்கார்ந்து கேளுங்கள். சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. திடீரென்று சத்தம் நின்று போகிறதா? மார்பும் வயிறும் மட்டும் அசைந்துகொண்டிருக்க, மூச்சு வராமல், பிறகு பெரிய உறுமலோடு மீண்டும் தொடங்குகிறதா? கவனிக்க வேண்டியது அந்த மௌனத்தைத்தான். தொண்டையின் சுவர்கள் முழுவதும் ஒட்டிக்கொண்ட நேரம் அது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து சில விநாடிகள் விழித்து, தசைகளை இறுக்கி வழியைத் திறக்கிறது. தூங்குபவருக்கு இது நினைவில் நிற்காது. இவ்வாறு மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். கடுமையான நோயாளிகளுக்கு மூச்சு நிற்பதும் குறைவதுமாக ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் நிகழும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் தூங்கினார் என்று எப்படிச் சொல்வது? காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், நாளடைவில் இரத்த அழுத்தம். அவர் லாரி ஓட்டுபவராக இருந்தால் பிறருக்கும் ஆபத்து.

உங்கள் தம்பி தங்கைகளையும் கவனியுங்கள். மூக்கின் பின்புறம் அடினாய்டு என்ற சதையும், தொண்டையின் இருபுறமும் டான்சில்களும் உண்டு. சிறு வயதில் இவை பெருத்துவிட்டால் வழி அடைபடும். குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கும். தினமும் குறட்டை விடும். சில சமயம் படுக்கையை நனைக்கும். பகலில் படிப்பில் மனம் பதியாது. சில பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று அலைவார்கள். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு "மந்தம்" என்றோ "வால்" என்றோ பட்டம் கிடைக்கும். அடி கூடக் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனை. சதையை அகற்றியதும் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர்.

சாதாரணக் குறட்டைக்கு எளிய வழிகள் உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் நாக்கு பின்னால் சரியாது. தூக்கத்தில் மல்லாந்துவிடுகிறவர்கள் சட்டையின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் பந்து வைத்துக்கொள்ளலாம். புரண்டால் உறுத்தித் திருப்பிவிடும். உடல் எடையைக் குறைப்பதும், மதுவையும் புகையையும் விடுவதும், மூக்கடைப்புக்கு வைத்தியம் செய்துகொள்வதும் பயன் தரும். வாயை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தூங்குவது இப்போது ஒரு நாகரிகமாகப் பரவுகிறது. மூக்கு அடைத்தவர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

தொண்டைத் தசைகளுக்கும் உடற்பயிற்சி உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை 4 மாதம் வாசிக்கப் பழகியவர்களுக்கு மூச்சுத் தடையும் பகல் தூக்கமும் குறைந்ததாக, சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை ஒன்று 2006-இல் வெளிவந்தது. மொத்தம் 25 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இரட்டை நாக்குள்ள கருவிகளை ஊதும் கலைஞர்களுக்கு இந்த நோய்க்கான அறிகுறிகள் குறைவு என்றது. அதுவும் கேள்வித்தாளை நம்பிச் செய்ததே. யாரையும் தூங்க வைத்து அளக்கவில்லை. நம் நாதசுரத்தின் சீவாளியும் இரட்டை நாக்குத்தான்.

மூச்சு அடிக்கடி நிற்பவர்களுக்கு இவை மட்டும் போதா. மருத்துவமனையில் ஓர் இரவு தூங்க வைத்து மூளை அலைகள், மூச்சு, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். போவதற்கு முன் அந்தக் குறட்டையையும் மௌனத்தையும் கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு உதவியாக இருக்கும்.

ஒரு காலத்தில் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதைத் தவிர நல்ல சிகிச்சை இல்லை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், அதற்கு முன் நாய்களின் தூக்க மூச்சை ஆராய்வதற்காக அவற்றின் மூக்குக்கு முகமூடி செய்து பழகியவர். துளையிட வேண்டிய நிலையில் இருந்த ஒரு நோயாளிக்கு 1980 ஜூன் மாதம் மூக்கில் முகமூடி பொருத்தி, மோட்டார் மூலம் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். உறிஞ்சு குழல் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து ஊதிப் பிடிப்பது போன்ற வேலை அது. குறட்டை நின்றது, மௌனமும் வரவில்லை. அந்த மனிதர் அன்று இரவு முழுவதும் தூங்கினார்.