குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் டிராக்டர்

மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை யாவரும் அறிவர். காற்றை விரைந்து அமுக்கினால் அதன் வெப்பநிலை உயர்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சின் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்று, தன் கன அளவில் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடு அளவிற்குச் சூடேறுகிறது. அதனுள் தூவப்படும் எண்ணெய் தானே தீப்பற்றுகிறது.

பஞ்சாப், ஹரியானா சமவெளிகளில் ஜனவரி மாத விடியற்காலையில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது பழைய டிராக்டர் கிளம்ப மறுப்பதற்குக் காரணங்கள் மூன்று. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர்கள் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. மசகெண்ணெய் தடித்துவிடுவதால் எஞ்சின் மெல்லச் சுழல்கிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே காற்று கசிந்து அமுக்கமும் குறைகிறது. பாட்டரியோ, மிகுந்த விசை வேண்டிய அவ்வேளையில்தான் குறைந்த விசையைத் தருகிறது.

ஆகவே, இழந்த வெப்பத்தை ஈடுசெய்வதே துணைக் கருவிகள் அனைத்தின் நோக்கமாகும். முற்காலத்தில் ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் டிராக்டரின் சிலிண்டர்த் தலையை ஊதுவிளக்கால் சூடேற்றினர். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரில், கனன்று எரியும் தாளொன்றைச் சிலிண்டர்த் தலையில் திருகி வைத்தனர். பின்னர் மின்சார முறைகள் வந்தன. எரிபொருள் முதலில் ஒரு சிற்றறையில் தூவப்படும் எஞ்சின்களில், அவ்வறையினுள் நீண்டிருக்கும் ஹீட்டர் பிளக்கின் முனை மின்சாரத்தால் பழுக்கிறது. வேறு சிலவற்றில், காற்று நுழையும் குழாயில் ஒரு சிறு சுடர்க் கருவி உண்டு. அதன் கம்பிச் சுருள் சூடேறியதும் வால்வு திறந்து சிறிது டீசல் கசிந்து எரிகிறது. உட்செல்லும் காற்று வெதுவெதுப்பாகிறது.

இக்கருவிகள் பழுதுற்றபோது சிலர் ஈதர் தெளிப்பானை நாடுகின்றனர். இது பெருந்தவறாக முடியக்கூடும். ஈதர் 160 முதல் 180 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும். ஆதலின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே அது வெடித்து, பிஸ்டனையும் வளையங்களையும் உடைத்துவிடலாம். ஹீட்டர் பிளக்கோ சுடர்க் கருவியோ சூடாயிருக்கையில் ஈதர் தெளித்தால், காற்றுக் குழாயிலேயே தீ வெடித்து அருகிலிருப்போரின் முகத்தைச் சுடும். இவ்விரு கருவிகளுள் ஒன்று பொருத்தப்பட்ட எஞ்சினில் ஈதரைத் தொடவே கூடாது.

களப் பணியாளர் உழவர்களுக்குக் கூறவேண்டுவன சில. பாட்டரி முனைகளைத் தூய்மையாக வைத்து, முழுமையாக மின்னேற்றுக. கையேட்டில் குளிர்காலத்திற்குக் குறித்துள்ள மசகெண்ணெயையே ஊற்றுக. ஹீட்டருக்குக் கையேடு கூறும் நேரத்தை அளித்த பின்னரே ஸ்டார்ட்டரை இயக்குக. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஒரு நிமிடம் ஓய்வு தருக. ரேடியேட்டரில் வெதுவெதுப்பான நீர் ஊற்றலாம். கொதிநீர் கூடாது, குளிர்ந்த வார்ப்பிரும்பு வெடிக்கும். எஞ்சினின் அடியில் தீ மூட்டுதலும் ஆகாது.

இத்தனையும் செய்த பின்னரும் கிளம்பாவிடில், குறை குளிரில் இல்லை. தேய்ந்த வளையங்களிலோ எரிபொருள் தூவியிலோ இருக்கும். அதற்கு மருந்து ஈதர் அன்று, பழுதுபார்த்தலே. ஆசிரியர்கள் ஒரு மிதிவண்டிப் பம்பைக் கொண்டே இப்பாடத்தை வகுப்பில் தொடங்கலாம். அதன் வெப்பத்தைக் கையால் உணர்ந்த மாணவன் டீசல் எஞ்சினின் அடிப்படையை மறவான்.