கழுவப்படாத சுருள்கள்

விவியன் மையர் அமெரிக்காவின் சிக்காகோவில் பிள்ளை பராமரிக்கும் வேலை செய்தவர். பிள்ளைகளோடு வெளியே போகும்போது கழுத்தில் கமராவும் தொங்கும். தெருவில் போகிறவர்கள் நமக்காக அசையாமல் நிற்பார்களா? அதனால்தான் குறைந்த வெளிச்சத்திலும் நொடியில் பதியும் 'ட்ரை-எக்ஸ்' என்ற வேகமான கறுப்பு வெள்ளை பிலிமைப் பாவித்தார். படத்தில் மணல்போலப் புள்ளி தெரியும். எனக்கு அதுவும் அழகுதான்.

1956இல் சேர்ந்த வீட்டில் அவருக்கெனத் தனிக் குளியலறை கிடைத்தது. அதையே இருட்டறையாக்கினார். உருவத்தை வெளிக்கொணரும் திரவம், பிறகு அதை நிலைக்கச் செய்யும் திரவம், கடைசியில் தண்ணீர். 1970களின் தொடக்கத்தில் அந்த வேலை முடிய, இருட்டறையும் போயிற்று. வீடு மாறி மாறி இருந்தவர்களுக்கு இது விளங்கும். படம் எடுப்பதை அவர் விடவில்லை. சுருள்கள் கழுவப்படாமலே சேர்ந்தன. 2007இல் களஞ்சிய வாடகை கட்டாததால் அவை ஏலம் போயின. 2009இல் இறந்தார். தான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அவர் கண்டதேயில்லை.